ஜொகூர்ப் புறப்பொருள்

பாயிரம்

சிங்கப்பூரிலிருந்து, ஜேபி எனப்படும் ஜொகூர் பாருவுக்கு ஒரு பகல், மிஞ்சினால் ஓர் இரவு, போய்வருவதைச் சுற்றுலா என்று வகைப்படுத்துவோர் உளர். அது பொருந்தாது. சுற்றுலா போகிறவன் போன ஊரைப் பார்ப்பான். ஜேபிக்குப் போகிறவன் விலைச்சீட்டைப் பார்க்கிறான். நீரிணையை நோக்கிக் குன்றின்மேல் நிற்கிற சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசல் 1900இல் கட்டி முடிக்கப்பட்டது. பார்க்க அவ்வளவு அழகு. மாதம் தவறாமல் எல்லை தாண்டுகிற ஒருவரிடம் அது எங்கே இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். எந்தக் கார் கழுவும் கடைக்குப் பக்கத்தில் என்று உங்களையே திருப்பிக் கேட்பார்.

ஆகவே இதைச் சுற்றுலா நூலார் கையில் விடக்கூடாது. எல்லை தாண்டிப் போய், வேற்றுப்புலத்துப் பொருளைக் கவர்ந்து, இருட்டுவதற்குள் ஊர் திரும்பி, உற்றாரோடு பங்கிட்டு உண்டு மகிழும் செயலுக்குத் தொல்காப்பியம் தொட்டே தமிழில் இலக்கணம் இருக்கிறது. அந்த ஒழுக்கத்துக்கு வெட்சி என்று பெயர். அன்று ஆநிரை கவர்ந்தார்கள், இன்று சலவைத்தூள்.

அன்றைய மறவர் விலை கொடுக்கவில்லை, இவர்கள் ரிங்கிட் கொடுக்கிறார்களே என்று ஒரு தடை எழும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும் நாளில், கொடுத்து வாங்குவதற்கும் கவர்ந்து வருவதற்கும் உள்ள வேற்றுமை வாங்குகிறவனுக்குத் தெரிவதில்லை. தன் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் விலைப்பலகை மாறிக்கொண்டே போவதைப் பார்க்கிற ஜொகூர்க்காரனுக்குத் தெரியும். அவனைப் பின்னால் எடுத்துக்கொள்வோம்.

வெட்சி

புறப்பொருள் வெண்பாமாலை வெட்சியை இரண்டாகப் பகுக்கிறது: அரசன் ஏவிப் போவது மன்னுறு தொழில், தானே எழுந்து போவது தன்னுறு தொழில். இந்தப் பகுப்பு ஜேபிக்கு அப்படியே பொருந்துவதைப் பார்த்தால் அதை இயற்றிய ஐயனாரிதனார் எல்லைச் சாவடி இருக்கிற உட்லண்ட்ஸ் பக்கம் குடியிருந்தாரோ என்று தோன்றும்.

மன்னுறு தொழிலில் ஏவுகிற அரசு பெரும்பாலும் செங்காங்கிலோ தெம்பனிஸிலோ ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் சமையலறையில் இருந்து ஆள்கிறது. ஆணை வாட்ஸ்அப்பில் வரும். சமையல் எண்ணெய், டயப்பர், துணி அலசும் திரவம் இரண்டு பெரிய பை, அப்புறம் "அந்தப் பச்சை மூடி போட்ட சோப்பு". எந்தப் பச்சை மூடி என்று மறவன் கடைக்குள் நின்று படம் எடுத்து அனுப்ப, அரசு மறுக்க, இன்னொரு படம் போக, இப்படியே முக்கால் மணி நேரம். இதில் வீரனின் விருப்புவெறுப்புக்கு இடமில்லை. அவன் வெறும் கை.

தன்னுறு தொழில் வேறு. இங்கே மறவன் தன் உடம்பையே எடுத்துக்கொண்டு போகிறான். கால் பிடித்துவிடுதல், பல் சுத்தம் செய்தல், மூக்குக்கண்ணாடி மாற்றுதல், முடி வெட்டுதல் ஆகிய யாவும் இதன்பாற்படும். முடி வெட்டிக்கொள்ளப் போகிறவனை வெட்சியில் சேர்க்கலாமா என்று ஐயுறுவார் உளர். கவர்ந்து வருவதுதானே வெட்சி? இவன் விட்டுவிட்டல்லவா வருகிறான்? நியாயமான ஐயம். சிங்கப்பூரில் கொடுத்திருக்க வேண்டிய தொகைக்கும் அங்கே கொடுத்த தொகைக்கும் உள்ள வித்தியாசமே இவன் ஓட்டிவந்த ஆநிரை என்று கொள்க. வித்தியாசத்தைப் பேருந்திலேயே மூன்று பேரிடம் சொல்லிவிடுவதால் அது கண்ணுக்குத் தெரியும் பொருளாகவும் ஆகிவிடுகிறது.

கிளம்புமுன் கேட்கும் நற்சொல்லுக்கு விரிச்சி என்று பெயர். முன்னாளில் ஊர்ப் பக்கத்தில் போய் நின்று, யாரோ எதற்கோ சொல்லும் சொல்லைக் காதில் வாங்கிச் சகுனம் பார்த்தார்கள். இன்று காஸ்வே கேமராப் படத்தைப் பார்க்கிறார்கள். நிலப் போக்குவரத்து ஆணையம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பிக்கிறது. "இப்போ கிளியர்" என்று டெலிகிராம் குழுவில் யாரோ ஒருவர் எழுதுவார். அதை நம்பி நாலாயிரம் பேர் கார் சாவியை எடுப்பார்கள். எடுத்ததும் விரிச்சி பொய்யாகும். சகுனம் கேட்டவர் எல்லாரும் அதன்படி நடந்தால் சகுனம் என்ன ஆகும் என்பதை முன்னோர் ஆராயவில்லை. அவர்களிடம் டெலிகிராம் இல்லை.

பெட்ரோலுக்குத் தனியாக ஒரு சொல். வெட்சி மறவருள் மூத்த குடி பெட்ரோல் குடிதான். ஜொகூரில் சிங்கப்பூர் விலையில் பாதிகூடக் கொடுக்காமல் தொட்டியை நிரப்பலாம். இதை அறிந்த சிங்கப்பூர் அரசு 1989இல் ஒரு விதி செய்தது: எல்லை தாண்டும் சிங்கப்பூர்க் காரில் பாதித் தொட்டியாவது பெட்ரோல் இருக்க வேண்டும். 1991இல் அதை முக்கால் தொட்டி ஆக்கியது. மீறினால் 500 வெள்ளி வரை அபராதம். திரும்பிப் போய் நிரப்பிக்கொண்டும் வர வேண்டும். உலகப் போர்நூல்களில் இதற்கு இணை இல்லை. ஆநிரை கவரப் போகிறவன் தன் தொழுவத்து மாடுகளில் முக்கால் பங்கை முன்னால் ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது விதி. மீதிக் கால் பங்குக்காகத்தான் இவ்வளவு பாடும். மலேசியாவும் சும்மா இருக்கவில்லை. மானியம் பெறுகிற ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டுக் கார்களுக்கு விற்கக்கூடாது என்று 2010இல் தடை போட்டது. மஞ்சள் கைப்பிடி அவர்களுக்கு, பச்சைக் கைப்பிடி நமக்கு. மஞ்சளைத் தொட்ட சிங்கப்பூர்க் கார்க்காரரின் படம் அன்று மாலையே இரு நாட்டிலும் சுற்றும். பழைய வெட்சியில் பிடிபட்டவனைக் கொன்றுவிட்டார்கள்; அதோடு போயிற்று.

உழிஞை

உழிஞை என்பது மதிலை வளைத்து முற்றுகையிடுவது. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் காஸ்வே என்னும் கடற்பாலம் 1,056 மீட்டர். நடந்தால் கால் மணி நேரத்துத் தூரம். நீண்ட வார இறுதியின் வெள்ளிக்கிழமை மாலையில் அதைக் காரில் கடக்க மூன்று மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல். ஜேபி பயணத்தின் பெரும்பகுதி உழிஞையிலேயே கழிகிறது என்பதால் இந்த நூலிலும் அதுவே பெரிய படலமாக இருப்பது முறை.

இந்த முற்றுகையின் விசித்திரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய உழிஞையில் மதிலுக்கு உள்ளே இருந்தவன் வெளியே நிற்பவனை விடமாட்டேன் என்றான். அதனால் சண்டை. இங்கே மதிலுக்கு உள்ளே இருப்பவர்கள், கடைக்காரரும் விடுதிக்காரரும் பல் மருத்துவரும், வா வா என்கிறார்கள். வெளியேற்றும் ஊரும் போய் வா என்கிறது. யாரும் தடுக்காத முற்றுகை இது. ஆனாலும் யாரும் உள்ளே போக முடிவதில்லை. ஒரு கோட்டைக்கு இரண்டு மதில், இரண்டுக்கும் வேறு வேறு அரசர், நடுவே நீர். ஒரு முறை வெளியேறுவதற்கான முத்திரை, ஒரு முறை நுழைவதற்கான முத்திரை. திரும்பும்போது மறுபடி இரண்டு.

உண்மையாகவே மதில் காத்த நாள் ஒன்று உண்டு. 1942 ஜனவரி 31 அன்று, மலாயாவிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடந்து முடித்ததும் கடற்பாலத்தில் வெடிவைத்து ஒரு துண்டைத் தகர்த்தது. ஜப்பானியர் பிப்ரவரி 8 இரவு வடமேற்குக் கரையில் படகில் வந்து இறங்கிவிட்டார்கள். மதில் காக்கும் நொச்சித்திணைக்கு இந்தப் பாலம் தந்த உதாரணம் எட்டு நாள்தான் தாங்கியது. 1924 ஜூனில் ஆளுநர் திறந்து வைத்தபோது அது இரண்டு ஊரைச் சேர்க்கும் வசதி; 1965இல் இரண்டு நாடு ஆனபின் அதுவே மதில் ஆயிற்று. அதற்காகப் பாலத்தில் ஒரு கல்லும் இடம் மாறவில்லை.

முற்றுகையாளர் ஏறிவரும் ஊர்தியால் நால்வகைப்படுவர்.

காரில் வருவோர் யானைப்படை. அசைவது அருமை, தின்பது அதிகம், வெயில் ஏறினால் மதம் பிடிக்கும். இவர்கள் நுழையும்போது 20 ரிங்கிட் சாலைக் கட்டணம். அதற்கு டச் அன் கோ அட்டை. அட்டையில் பணம் இருக்கிறதா என்பது சாவடிக்கு முன்னால் மூன்றாவது காராக நிற்கும்போது நினைவுக்கு வரும். 2024 மார்ச்சிலிருந்து உட்லண்ட்ஸிலும் துவாஸிலும் கடப்பிதழைக் கையில் கொடுக்காமல் கியூஆர் குறியீட்டைக் காட்டியே போகலாம். ஒரு காருக்குச் சில நொடி மிச்சம் ஆகிறது. மிச்சம் பிடித்த நொடிகளையெல்லாம் மறுகரைச் சாவடி வாங்கிக்கொள்கிறது.

பேருந்தில் வருவோர் காலாட்படை. 160, 170, 950, அவை போக மஞ்சள் நிறக் காஸ்வே லிங்க். இவர்களைப் போர்த்திறன் உடையவர் என்று நான் மதிக்கிறேன். உட்லண்ட்ஸ் சாவடியில் பேருந்து நின்ற கணமே அவர்கள் ஓடத் தொடங்குவதைப் பார்க்க வேண்டும். மின்படியில் இடப்பக்கம் நிற்பவன் புதியவன்; வலப்பக்கம் ஏறி ஓடுகிறவன் படைவீரன். முத்திரை வாங்கி, கீழே இறங்கி, வந்த பேருந்து போயிருந்தால் அடுத்ததைப் பிடித்து, பாலம் கடந்து, சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் மறுபடி ஏறி, மறுபடி ஓடி. ஐம்பது வயது மாமி ஒருவர் புடவையை முழங்கால் மட்டும் தூக்கிச் செருகிக்கொண்டு இளைஞர் கூட்டத்தைக் கடந்து போவது இங்கே சாதாரணம். நெரிசல் மிகுந்த நாளில் பேருந்தைக் கைவிட்டுப் பாலத்தை நடந்தே கடப்போரும் உண்டு.

மோட்டார் சைக்கிள் குதிரைப்படை. அவர்களைப் பற்றிப் பாலை என்னும் தலைப்பில் சொல்வேன். இங்கே சேர்த்தால் வழு.

ரயிலில் வருவோர் அந்தப்புரத்துச் சுரங்கவழி அறிந்தவர்கள். ஷட்டில் தெப்ராவ் 2015 ஜூலையிலிருந்து உட்லண்ட்ஸுக்கும் ஜேபி சென்ட்ரலுக்கும் இடையே ஓடுகிறது. ஐந்து நிமிடம். வார இறுதி டிக்கெட் வெகு முன்னரே விற்றுத் தீர்ந்துவிடும் என்பதால் இவர்களுக்கு முன்யோசனை தேவை. முன்யோசனை உள்ளவர்கள் வெட்சிக்குக் கிளம்புவது குறைவு.

துவாஸ் வழியாக 1998இல் திறந்த இரண்டாவது பாலம் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் கூட்டம் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். எல்லாரும் சொல்வதால் அங்கும் கூட்டம்.

தும்பை

மண்ணுக்காகவோ பொருளுக்காகவோ அன்றி, வலிமையைக் காட்டுவது ஒன்றே கருத்தாக இருவர் எதிர்நின்று பொருவது தும்பை. சாவடிக்கு முன்னால் ஆறு வரிசை நான்காகும் இடத்தில், ஒரு கார் நீளமுள்ள இடைவெளியை முன்னிட்டுச் சாம்பல் நிறக் கார் ஒன்றும் வெள்ளைக் கார் ஒன்றும் அங்குலம் அங்குலமாகப் பொருவது இதற்கு முழுமையான எடுத்துக்காட்டு. வென்றவன் தோற்றவனைவிட ஒன்பது நொடி முன்னால் போவான். இருவரும் ஒரே கடையில் ஒரே வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்காருவார்கள்.

கரந்தை

கவர்ந்த நிரையை மீட்பது கரந்தை. மீட்க வருகிறவர்கள் நிரையை இழந்த ஊரார் என்றே இலக்கணம் கருதுகிறது. இங்கே அதற்கு மாறாக, கவரப் போனவனின் சொந்த ஊரே அவனை மறிக்கிறது. வெளியே இருந்த நேரம் 48 மணிக்குக் குறைவானால் 100 வெள்ளிப் பொருளுக்கு மட்டும் பொருள் சேவை வரி விலக்கு. 48 மணி அல்லது அதற்கு மேலானால் 500 வெள்ளி வரை. மிஞ்சியதற்கு 9 விழுக்காடு. ஓரிரவு தங்கிவிட்டு "ரெண்டு நாள் இருந்தோமே" என்று வாதிடுவோர் சனியும் ஞாயிறும் சேர்ந்தால் 48 மணி என்று எண்ணுகிறார்கள். சனிக்கிழமை மதியம் போய் ஞாயிறு இரவு திரும்பியவனுக்கு அது முப்பத்துச் சொச்சம்தான். சுங்க அதிகாரிக்குக் கூட்டல் தெரியும்.

மதுவுக்கு விலக்கே இல்லை; மலேசியாவிலிருந்து வருவோருக்கு 2019 ஏப்ரலிலிருந்து அது நின்றுபோயிற்று. சிகரெட்டுக்கும் இல்லை. 1992 முதல் சூயிங்கம்மும் உள்ளே வரக்கூடாது. ஆகவே உண்டாட்டு என்னும் துறை, அதாவது வெற்றிபெற்ற மறவர் கள்ளுண்டு களித்தல், எல்லைக்கு அப்பாலேயே முடித்துக்கொள்ள வேண்டியதாகிறது. நோயின்றுய்த்தல் மட்டும் பிழைத்திருக்கிறது. கவர்ந்த பசுக்கள் வழியில் வருந்தாமல் ஓட்டிவருவதைக் குறித்த துறை அது. தான் ஹியோக் நீ சாலையில் 1919 முதல் விறகடுப்பில் ரொட்டி சுடுகிற ஹியாப் ஜூ கடையின் வாழைப்பழக் கேக்கை நசுங்காமல் மடியில் வைத்துக்கொண்டு, பேருந்தில் நின்றபடி வருகிறவரைப் பார்த்தால் இந்தத் துறையின் அருமை விளங்கும். கவர்ந்ததைப் பங்கிடும் பாதீடு வீட்டு வாசலிலேயே நடக்கும். கேக்கில் பாதி பக்கத்து வீட்டுக்கு.

காஞ்சி

நிலையாமை கூறுவது காஞ்சி. 1973 மே வரை சிங்கப்பூர்ப் பணமும் மலேசியப் பணமும் ஒன்றுக்கு ஒன்று என்று இரு ஊர்க் கடைகளிலும் செல்லுபடியாயின. அந்த நாளில் ஜேபிக்குப் போனவர்கள் எதற்குப் போனார்கள் என்று இன்றைய இளைஞனுக்கு விளங்காது. அத்தை வீட்டுக்குப் போனார்கள். கல்யாணத்துக்குப் போனார்கள். மலிவு என்கிற ஒரே காரணத்தை நம்பி எழுப்பிய திணை நாணய மாற்று விகிதத்தின்மேல் நிற்கிறது. அந்த விகிதம் ஒருநாள் திரும்பினால் சலவைத்தூள் எதிர்த்திசையில் பயணம் செய்யும்.

பாடாணும் வாகையும்

வெற்றியைக் கொண்டாடும் வாகை திங்கள்கிழமை காலை அலுவலகத்தில் நிகழும். "எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறே?" என்பது இதன் தொடக்கம். கேட்கிறவர் உண்மை விலையைவிடக் கூடுதலாகச் சொல்லியாக வேண்டும் என்பது மரபு. குறைத்துச் சொல்கிறவருக்கு நண்பர் குறைவு. இதன் முடிவில், புகழ் பாடும் பாடாணைச் சேர்ந்த ஆற்றுப்படை வரும். பரிசில் பெற்று மீள்கிற பாணன் எதிர்ப்பட்ட பாணனிடம் வள்ளலின் வழி சொல்வதுபோல, "கேஎஸ்எல் பக்கத்து லோரோங்கில் ரெண்டாவது கடை, மாடிப்படி ஏறு, நான் அனுப்பினேன்னு சொல்லு". கால் பிடித்துவிடும் அந்தக் கடைக்காரருக்கு இவர் யாரென்றே தெரியாது.

கடவுளைப் பாடுவதும் பாடாணுக்குள் அடங்கும் என்பதால் கோயிலுக்குப் போகிறவர்களை இங்கே வைக்கிறேன். தெப்ராவ் சாலைப் பக்கம் ரயில் பாதை ஓரத்தில் இருக்கிற அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கோயில் 1922இல் சிறு குடிலாகத் தொடங்கியது. இப்போது தூண், சுவர், விதானம் எல்லாம் கண்ணாடிச் சில்லு. 3 லட்சம் துண்டு என்கிறார்கள். உள்ளே நின்றால் உங்கள் முகமே ஆயிரம் துணுக்காகத் தெரியும். இந்த வகையார் ஒருவரே ஜேபியில் ஏதோ ஒன்றைப் பார்க்கவென்று போகிறவர்கள். இவர்களும் திரும்பும் வழியில் எண்ணெய் வாங்குவதுண்டு. அது வழுவமைதி.

பாலை

புறத்திணை நூலில் அகத்திணை ஒன்று நுழைவது பிழை. ஆனாலும் கடற்பாலத்தை நேர்மையாகப் பார்க்கிற எவனும் இதைத் தவிர்க்க முடியாது. இந்தப் பாலத்தை நாளொன்றுக்கு 3 லட்சம் பேர் கடக்கிறார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பெரும்பகுதி நாம் இதுவரை வகைப்படுத்திய மறவர்கள் அல்லர். எதிர்த்திசையில், விடிவதற்கு முன், சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிற மலேசியர்கள்.

பொருள்வயிற் பிரிவு பாலைக்கு உரியது. பழைய தலைவன் பிரிந்தால் மாதக்கணக்கில் திரும்பமாட்டான். தலைவி நாளெண்ணிச் சுவரில் கோடு போடுவாள். இந்தத் தலைவன் காலை நான்கு மணிக்குப் பிரிந்து இரவு ஒன்பதுக்குத் திரும்பி, பத்துக்குத் தூங்கி, மறுநாள் நான்குக்கு மறுபடி பிரிகிறான். பிரிவை இவ்வளவு சிறு துண்டாக நறுக்கி நாள்தோறும் கொடுக்கும் கொடுமையைச் சங்கப் புலவர் அறியார். மோட்டார் சைக்கிள் வரிசையில் மழைச்சட்டையோடு நிற்கிறவர்களில் பேருந்து ஓட்டுநர், காவலாளி, தொழிற்சாலைத் தொழிலாளி, தாதி, சாப்பாட்டுக் கடைப் பரிமாறுநர் எல்லாரும் உண்டு. தமிழர்கள் நிறைய. சிலர் என்ஜின் ஓடும்போதே தலைக்கவசத்துக்குள் கண்ணை மூடிக்கொள்வார்கள். முன்னால் நிற்கிறவன் நகர்ந்தால் பின்னால் நிற்கிறவன் ஹார்ன் அடித்து எழுப்புவான். இவர்களும் வெள்ளியில் ஈட்டி ரிங்கிட்டில் செலவழிப்பதால் இவர்களையும் வெட்சியில் வைப்பார் உளர். உழைத்துப் பெற்றது நிரைகோள் ஆகாது என்று மறுக்க.

பாயிரத்தில் ஒதுக்கிவைத்த ஜொகூர்க்காரனும் இந்த வரிசையில்தான் நிற்கிறான். விலைப்பலகை ஏறியது இவன் கொண்டுவந்த வெள்ளியால் பாதி, நாம் கொண்டுபோன வெள்ளியால் பாதி. எல்லை தாண்டாமல் உள்ளூர்ச் சம்பளத்தில் இருக்கிற இவன் அண்ணனுக்குத்தான் இரண்டு பாதியும் பாரம். அந்த அண்ணனுக்கு எந்தப் புறப்பொருள் நூலிலும் திணை இல்லை.

இன்னொரு போக்கும் உண்டு. பாலத்தை ஒட்டியே ஓடுகிற குழாய்களில் ஜொகூரின் தண்ணீர் வருகிறது. 1962 ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை, 2061 வரை; ஆயிரம் கேலன் ஆற்றுநீருக்கு மூன்று காசு. எல்லாரும் வரிசையில் நிற்க, அது மட்டும் முத்திரை இல்லாமல் போகிறது.

ஒழிபு

கைக்கிளை, பெருந்திணை இரண்டும் மீதி. ஒருதலைக் காமம் கைக்கிளை. கடப்பிதழ் முடிய ஆறு மாதம் இல்லை என்று மலேசியச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட்டவரே இதற்கு உரியவர். அவர் இரண்டு மணி நேரம் நின்றார், ஊர் அவரை ஏற்கவில்லை. பொருந்தாக் காமம் பெருந்திணை. சீனப் புத்தாண்டுக்கு முந்தின மாலை, கேமராவைப் பார்த்து, நிலைமையை முழுக்க அறிந்து, குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவரைப் பற்றி அதற்குமேல் எழுதக் கூசுகிறது.

உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையே நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதி வாக்கில் ஓடும் என்பது திட்டம். ஐந்து நிமிடப் பயணம், இரு நாட்டு முத்திரையும் ஏறும் இடத்திலேயே. அத்தோடு உழிஞைப் படலத்தை எடுத்துவிடலாம் என்று சில மாணவர்கள் யோசனை சொல்கிறார்கள். அவசரம் வேண்டாம். ரயிலில் போய்ப் பெட்ரோல் போட முடியாது. காரைக் கழுவவும் முடியாது. யானைப்படை பாலத்தில்தான் நிற்கும். காலாட்படை ரயிலுக்கு மாறக்கூடும். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். போகிற பத்தாயிரம் வெறுங்கையோடு போகும். திரும்புகிற பத்தாயிரத்தில் ஆளுக்கு இரண்டு பை, ஐந்து லிட்டர் எண்ணெய், மடியில் ஒரு கேக் என்று வைத்துக்கொண்டால், நோயின்றுய்த்தலுக்கு மட்டும் புதிதாக உரை எழுத வேண்டியிருக்கும்.